ஒரே தலைப்பு, வேறு வேறு பாட்டு: கொஞ்சம் உதவுங்களேன்

நண்பர்களே, ஒரே தலைப்பில் வந்த வெவ்வேறு பாடல்களை அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிட்டு வருகிறேன். 'ஹலோ'வை விட்டு நகரவே மனம் வரவில்லை. லயனல் ரிச்சியின் பாட்டில் (1984) அந்தச் சொல் பல்லவி வரும்வரை காத்திருக்கிறது; தயங்கித் தயங்கி வாய் திறப்பவரின் குரல் அது. அடேல் (2015) எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார், பியானோ மட்டும் துணைக்கு. இரண்டும் மைனர் ஸ்கேல்தான் (பொதுவாகச் சோகச் சாயல் தரும் ஸ்வர வரிசை). ஆனாலும் ஒன்றில் ஏக்கம், மற்றதில் குற்ற உணர்வு.

அப்புறம் 'தி பவர் ஆஃப் லவ்'. ஹ்யூயி லூயிஸ், ஜெனிஃபர் ரஷ் இருவர் பாடியதும் தனித்தனிப் பாட்டு. செலின் டியோன் பாடியது ரஷ்ஷின் பாட்டேதான், அதனால் சேர்க்கவில்லை.

இப்படி மறுபதிவு அல்லாத ஜோடிகள் தெரிந்தால் சொல்லுங்கள். தலைப்புச் சொல் பாட்டில் முதலில் எங்கே வருகிறது என்றும் குறிப்பிட்டால் பெரிய உதவி.