ஆட்டிசம் உள்ள பையன்: கடைவாய்ப் பல் துலக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். 5 வயது. முன்பல் துலக்கச் சிக்கல் இல்லை. பிரஷ் கடைவாய்க்குப் போனதும் குமட்டி, வாயை இறுக மூடிக்கொள்கிறான். பல் மருத்துவரிடம் காட்டியாயிற்று, சொத்தை இல்லை.

இப்போதைய முறை: துலக்கும் படிகளைப் படங்களாகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், முடிந்த படத்தை அவனே கழற்றுவான். கண்ணாடி முன் நிற்கவைத்து, பின்னாலிருந்து தாடையைத் தாங்கி, பக்கத்துக்கு 10 எண்ணி நிறுத்துகிறோம். 10 என்றால் 10தான். "இன்னும் கொஞ்சம்" என்று நீட்டினால் மறுநாள் எண்ணிக்கையை நம்பமாட்டான். பிரஷ் சிறிய தலை, மென்மையான இழை. பேஸ்ட் பட்டாணி அளவு, புதினாக் காரமும் நுரையும் இல்லாதது. (இந்த வகை வாங்கும்போது ஃப்ளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள், சிலவற்றில் இருக்காது.)

பல்லின் மூன்று பக்கமும் ஒரே இழுப்பில் தேய்க்கும் பிரஷ் குமட்டலைக் குறைத்ததா, தலை பெரிதாக இருப்பதால் கூட்டியதா? அதிரும் மின்சார பிரஷ்ஷைக் கை, கன்னம், உதடு என்று படிப்படியாகப் பழக்கியவர்கள், உதட்டிலிருந்து உள்ளே எப்படிக் கொண்டுபோனீர்கள்? துலக்குமுன் ஈறை விரலால் அழுத்தித் தேய்த்துவிடுவது யாருக்காவது பலன் தந்ததா?

கையைக் காலைப் பிடித்துத் துலக்கும் யோசனை மட்டும் வேண்டாம். அப்படிச் செய்தால் முன்பல்லைக்கூடத் துலக்கவிடமாட்டான்.