குடும்பக் குழுவில் நோயல் பிரவுன்

அத்தை: கயல், உனக்கு ஏழாம் மாதம் தொடங்கப்போகிறது. அங்கே பிரசவச் செலவு எவ்வளவு ஆகும்? பணம் அனுப்பட்டுமா என்று மாமா கேட்கிறார்.

கயல் (டப்ளின்): வேண்டாம் அத்தை. இங்கே வசிக்கும் எந்தத் தாய்க்கும் கர்ப்பகாலப் பரிசோதனையும் பிரசவமும் இலவசம். குடும்ப மருத்துவரும் மருத்துவமனையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். பிறந்த குழந்தையின் இரண்டாம் வார, ஆறாம் வாரப் பரிசோதனைக்கும் கட்டணம் கிடையாது.

அத்தை: யார் செய்த புண்ணியமோ, நன்றாக இருக்கட்டும்.

கயல்: இதற்காகப் போராடியவர் பதவியையே இழந்தார் அத்தை. நோயல் பிரவுன் என்ற மருத்துவர். 1948இல் அயர்லாந்தின் சுகாதார அமைச்சரானார். நாடாளுமன்றத்தில் கால் வைத்த முதல் நாளே அமைச்சர், வயது 32.

பெரியப்பா: முதல் நாளிலேயேவா? யார் வீட்டுப் பிள்ளை?

கயல்: யார் வீட்டுப் பிள்ளையும் இல்லை பெரியப்பா. அப்பா காசநோயில் இறந்தார். அம்மாவுக்கும் அதே நோய். வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் பிள்ளைகளை லண்டனுக்கு அழைத்துப்போனார். போன கொஞ்ச நாளில் அவரும் இறந்துவிட்டார். உடன்பிறந்தவர்களையும் அந்த நோய் விடவில்லை. வசதியான ஒரு டப்ளின் குடும்பம் படிக்கவைத்ததால்தான் டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் படித்தார். படிக்கும்போதே அவருக்கும் காசநோய் வந்தது. பிழைத்தெழுந்து காசநோய் மருத்துவமனையிலேயே வேலைக்குச் சேர்ந்தார். அந்த நாட்களில் ஆண்டுக்கு 3,000 பேருக்கு மேல் இங்கே இந்நோயில் இறந்துகொண்டிருந்தார்கள். வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் வெளியே சொல்ல மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவர் கையில் சுகாதாரத் துறை கிடைத்தது.

முகிலன்: பணத்துக்கு என்ன செய்தார் அக்கா? போர் முடிந்த காலமாயிற்றே.

கயல்: மருத்துவமனைகளுக்காகக் குதிரைப் பந்தயத்தை வைத்து ஒரு லாட்டரி நடந்தது. பெரிய உருளையிலிருந்து சீட்டை எடுப்பவர்கள் சீருடை அணிந்த செவிலியர்கள். பழைய படங்களில் பார்க்கலாம். அதில் சேர்ந்த நிதியின் வட்டியை மட்டும் எடுத்தால் போதாது, முதலையே எடுத்துச் செலவழிப்போம் என்றார். இரண்டு மூன்று ஆண்டுகளில் சுமார் 2,000 படுக்கைகள் கூடின. காசநோயைத் தடுக்கும் பிசிஜி தடுப்பூசிக்கான குழுவுக்குத் தலைவராக டோரதி பிரைஸை நியமித்தார். அந்த ஊசியை 1937லேயே அயர்லாந்துக்குக் கொண்டுவந்த மருத்துவர் அவர். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தும் அதே சமயத்தில் வந்து சேர்ந்தது. எல்லாம் பிரவுன் ஒருவரால் நடந்ததென்று சொல்ல மாட்டேன். முந்தைய அரசே திட்டம் போட்டு வைத்திருந்தது. ஆனால் அவர் காட்டிய வேகத்தை வேறு யாரும் காட்டியிருக்க முடியாது.

பெரியப்பா: சரி, பதவி போனது எதனால்?

கயல்: தாய் சேய் திட்டத்தால். எல்லாத் தாய்மாருக்கும், 16 வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச மருத்துவம், வருமான வரம்பு எதுவும் கிடையாது. தனியார் வருமானம் போய்விடுமென்று மருத்துவர் சங்கம் எதிர்த்தது. கத்தோலிக்க ஆயர்களும் எதிர்த்தார்கள். பிள்ளைகளின் உடல்நலம் பெற்றோரின் உரிமை, அரசு தலையிடக்கூடாது என்பது அவர்கள் வாதம். தாய்மாருக்கு அரசு மருத்துவர்கள் என்ன போதிப்பார்களோ என்ற அச்சமும் இருந்தது. டப்ளின் பேராயர் மெக்குவைட் முன்னின்றார்.

முகிலன்: ஆயர்கள் வேண்டாம் என்றால் அமைச்சரவை கைவிட்டுவிடுமா?

கயல்: 1951 ஏப்ரலில் அதுதான் நடந்தது. திருச்சபைக்குத் தனி இடம் உண்டென்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். 1972 பொதுவாக்கெடுப்புக்குப் பிறகுதான் அந்த வரி நீங்கியது. அமைச்சரவை முழுவதும் பின்வாங்கியது. பிரவுனுடைய கட்சித் தலைவர் ஷான் மெக்பிரைடே ராஜினாமா கேட்டார். பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் இவர்தான். ஏப்ரல் 11 அன்று பிரவுன் விலகினார். விலகியதோடு நிற்காமல், ஆயர்களும் பிரதமரும் தானும் எழுதிய கடிதங்களை அப்படியே பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை நாடே படித்தது.

பெரியப்பா: அரசுக் கடிதங்களைப் பத்திரிகைக்குக் கொடுப்பது முறையா?

கயல்: முறைதான் பெரியப்பா. மூடிய கதவுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது, பொதுவெளிக்கு வந்திருக்கக் கூடாது என்று பிரதமர் காஸ்டெல்லோ மன்றத்திலேயே சொன்னார். அந்தக் கதவைத்தான் பிரவுன் திறந்தார். பிரசவத்துக்குப் பணமில்லாத பெண்ணுக்கு, தனக்கான உதவியை மறுத்தது யார் என்று தெரியவேண்டாமா? திட்டம் தோற்றது. ஆனால் யார் முடிவெடுக்கிறார்கள் என்பதை அந்தக் கடிதங்களுக்குப் பிறகு ஒருவராலும் மறைக்க முடியவில்லை. அவர் செய்தவற்றில் இதையே நான் முதலில் வைப்பேன்.

பெரியப்பா: நான் அப்படிப் பார்க்கவில்லை. ஏழைகளுக்கு மட்டும் என்று வரம்பு வைத்திருந்தால் ஆயர்கள் ஒத்துக்கொண்டிருப்பார்களா?

கயல்: ஒத்துக்கொண்டிருப்பார்கள்.

பெரியப்பா: பிறகென்ன? அன்றைக்கே ஏழைத் தாய்மாருக்குக் கிடைத்திருக்கும். கூட்டணி அரசில் இருப்பவன் சக அமைச்சர்களை அணைத்துப் போகவேண்டும். தான் நினைத்தது முழுதாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கைக்கு வருவதும் நழுவிவிடும்.

கயல்: 1953இல் ஃபியன்னா ஃபால் கட்சியின் அரசு நீங்கள் சொல்வதைத்தான் செய்தது. வரம்பு வைத்தார்கள். குழந்தைக்கு ஆறு வாரம் வரைதான் இலவசம். ஆனால் வரம்பு என்றால் வருமானத்தை ஒருவர் முன் போய் நிரூபிக்கவேண்டும். தன் வறுமையைக் காட்டி மருந்து வாங்கும் நிலை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது என்பது பிரவுனின் உறுதி. பட்டு வளர்ந்தவர் பெரியப்பா.

அத்தை: கயல் சொல்வதுதான் சரி. ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு அது தெரியும்.

முகிலன்: அப்புறம் அரசியலை விட்டுவிட்டாரா?

கயல்: இல்லை. அடுத்த மாதமே தேர்தல் வந்தது. சுயேச்சையாக நின்று வென்றார். மெக்பிரைட் கட்சி பத்து இடங்களிலிருந்து இரண்டுக்குச் சரிந்தது. பிறகு ஃபியன்னா ஃபால், சொந்தமாக ஒரு சிறு கட்சி, தொழிற்கட்சி, செனட், கடைசியில் சோசலிச தொழிற்கட்சி என்று 1982வரை போனது. எந்த இடத்திலும் நிலைக்கவில்லை. 1990இல் ஜனாதிபதித் தேர்தலுக்கு இடதுசாரிகள் சிலர் அவர் பெயரைச் சொன்னார்கள். தொழிற்கட்சித் தலைமை மேரி ராபின்சனைத் தேர்ந்தெடுத்தது, அவர் வென்றார். பிரவுன் 1997இல் இறந்தார்.

பெரியப்பா: பார்த்தாயா, ஐந்து கட்சி! யாரோடும் ஒத்துப்போகாத மனிதர்.

கயல்: அதை மறுக்கமாட்டேன். கூட இருந்தவர்களை நிறையவே நோகடித்தார். ஆனால் 2015இல் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் 2023இல் எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் குடும்ப மருத்துவரை இலவசமாகப் பார்க்கும் வசதி வந்தது. வருமானம் கேட்பதில்லை. 16 வயது என்று அவர் கேட்டது 1951இல். இன்னும் பாதி வழிதான் வந்திருக்கிறார்கள்.

பெரியப்பா: அந்த நாடாளுமன்ற விவாதம் படிக்கக் கிடைக்குமா?

கயல்: 1951 ஏப்ரல் 12 விவாதம் நாடாளுமன்ற இணையதளத்தில் முழுவதும் இருக்கிறது. இணைப்பை அனுப்புகிறேன். பிரவுன் பேச்சையும் காஸ்டெல்லோ பதிலையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.

பெரியப்பா: அனுப்பு. இரண்டையும் படித்துவிட்டு எழுதுகிறேன். வருமான வரம்பைப் பற்றிய என் கருத்தை இன்னும் விடவில்லை.