போக்கரில் ராஜா-7-2 ஃபிளாப்பில் சி-பெட்டை எதிர்த்து பிளஃப்: அடிக்கலாமா, கூடாதா?

தேம்ஸ்கரை:
டெக்சாஸ் ஹோல்டெம், ஆளுக்கு இரண்டு சீட்டு. 5/10 சென்ட் கட்டாயப் பந்தயம் வைக்கும் மேசை, ஆறு பேர், எல்லோரிடமும் 10 டாலர். பட்டனில் (ஃபிளாப்புக்குப் பின் கடைசியாகப் பேசும் இடம்) இருந்தவர் 25 சென்ட்டுக்கு ரைஸ் செய்தார் (பந்தயத்தை ஏற்றினார்). பிக் பிளைண்டில் (10 சென்ட் கட்டாயமாக வைக்கும் இடம்) இஸ்பேடு ஜாக்கி, இஸ்பேடு 10 வைத்து நான் கால் (அதே தொகைக்கு ஈடு வைத்தேன்). ஃபிளாப் (மேசையில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு): கிளாவர் ராஜா, டைமண்ட் 7, இஸ்பேடு 2. நான் செக் (பந்தயம் போடாமல் விட்டேன்). நடுவில் 55 சென்ட் இருக்க, அவர் 18 போட்டார் (முன்பு ரைஸ் செய்தவர் ஃபிளாப்பிலும் தொடர்ந்து போடும் இதுதான் சி-பெட்). நான் வெறுங்கையோடு, பிளஃப்பாக, 65 ஆக்கினேன், கால் செய்தார். டர்னில் (நாலாவது பொதுச் சீட்டு) ஆர்ட்டின் 4. 1.20 டாலர் போட்டேன், அதற்கும் கால். ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) நிறுத்திக்கொண்டேன். ராஜா-9 காட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்.

போனது போகட்டும், நான் ஆடியது சரி என்பதுதான் என் கட்சி. டிராக்கரில் (ஆட்டங்களைக் கணக்கெடுக்கும் மென்பொருள்) இவருடைய சி-பெட் 82%. ஜோடி இல்லாத இரண்டு சீட்டுக்கு ஃபிளாப்பில் ஜோடியாவது விழுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவைதான். மற்ற நேரமெல்லாம் வெறுங்கையோடு போடுகிறார். அதை அடிக்காமல் விடுவதா?

ஏழாம்சீட்டு:
82% பெட் போடுகிறார், சரி. ரைஸ் வந்தால் எத்தனை தடவை சீட்டை விடுகிறார்? அந்த எண்ணைக் காணோமே.

இன்னொன்று. அந்த ரைஸில் நீங்கள் எந்தக் கையைக் காட்டப் பார்க்கிறீர்கள்? ராஜா ஜோடியோ ஏஸ்-ராஜாவோ இருந்தால் ஃபிளாப்புக்கு முன்பே திரும்ப ரைஸ் செய்திருப்பீர்கள். நல்ல கையென்று மிஞ்சுவது 7-7 மூன்று விதம், 2-2 மூன்று விதம், ஒரே ஜாதியில் ராஜா-7 இரண்டு, ராஜா-2 இரண்டு. மொத்தம் பத்து. ராஜாவெல்லாம் பட்டன்காரர் பக்கம்தான் அதிகம். கொஞ்சம் யோசிக்கிறவர் ராஜா-9-ஐ எதற்கு விடப்போகிறார்?

இதே ரைஸை 8-6-5 ஃபிளாப்பில் செய்யுங்கள், நானே கை தட்டுகிறேன். அங்கே 9-7, 7-4, 8-6, 6-5 எல்லாம் பிக் பிளைண்ட் பக்கம் கிடக்கும். கையில் ஒரு 7 இருந்தாலே 4, 9 எது வந்தாலும் ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து சீட்டு). எட்டுச் சீட்டு, ரிவர் வரைக்கும் 31%. பிளஃப் பிடிபட்டாலும் பிழைக்க வழி உண்டு.

தேம்ஸ்கரை:
ராஜா-9 விடவேண்டும் என்று யார் கேட்டார்கள்? ராணி-8, ஏஸ்-5, ஜாக்கி-9 விட்டால் போதும். கணக்கைப் பாருங்கள்: 73 சென்ட் எடுக்க 65 வைக்கிறேன். 47% தடவை விட்டால் முதல் மோசமில்லை. பட்டனில் பாதிச் சீட்டுகளைத் திறக்கிறவருக்கு இந்த ஃபிளாப்பில் ராஜாவோ அதற்கு மேலோ இருப்பது ஐந்தில் ஒரு பங்கு. 7, நடு ஜோடிகளையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு. மீதி?

ரேக்கு_ரங்கன்:
தளத்துக்காரனை மறந்துவிட்டீர்களே அண்ணே! ஃபிளாப் விழுந்தாலே தளம் எடுக்கும் 5% ரேக்கு. அவர் விட்டால் உங்கள் உபரி உங்களுக்கே திரும்பி, நடுவில் 91 சென்ட், அதில் நாலரை சென்ட் போய்விடும். உங்கள் 47 நிஜத்தில் 49. சின்ன மேசையில் இது சும்மா போகிற காசில்லை.

கிளாவர்ராணி:
ரைஸே வேண்டாம், ஃப்ளோட் பண்ணுங்கள், அதாவது இப்போது கால், பின்னால் பிளஃப். 18 சென்ட்டுக்கு கால். ஃபிளாப்பில் எல்லாவற்றையும் போடும் இந்த மாதிரி ஆட்களில் பலர் டர்னில் பெட் போடாமல் அடங்கிவிடுவார்கள். டர்ன் செக்-செக் ஆனால் ரிவரில் 91-க்கு 45 போடுங்கள். மூன்றில் ஒரு தடவை விட்டால் போதும். 65 கொடுத்துத் தெரிந்துகொள்வதை 18-க்குத் தெரிந்துகொள்ளலாம்.

தேம்ஸ்கரை:
பட்டனில் உட்கார்ந்து சொல்ல நன்றாக இருக்கிறது. நான் பிக் பிளைண்டில் முதலில் பேச வேண்டியவன். டர்னில் செக் செய்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் இன்னொரு பெட் போட்டால் என் 18 போச்சு. செக் செய்தாலும் அவருடைய ஏஸ்-5-க்கு இலவசமாக ஒரு சீட்டு.

மெரினாக்காற்று:
நான் இப்போது காசில்லாத சிப்ஸ் மேசையில்தான் ஆடுகிறேன். காசு வைத்து ஆன்லைனில் ஆடுவதைத் தடுத்த 2025 ஆகஸ்ட் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் ஆன்லைனில் வேறு வழி இல்லை. அங்கே என் செக்-ரைஸுக்கு ஒருத்தரும் விடுவதே இல்லை.

ரேக்கு_ரங்கன்:
பொய்க்காசை யார் விடுவார்கள் தம்பி :)

ஏழாம்சீட்டு:
தேம்ஸ்கரை, அந்த 82% எத்தனை கையில் வந்தது?

தேம்ஸ்கரை:
140 கை.

ஏழாம்சீட்டு:
140 கையில் அவர் ரைஸ் செய்து, ஃபிளாப் பார்த்து, சி-பெட் போட வாய்ப்பு வந்தது ஏறக்குறைய 17 தடவை இருக்கும். அதில் 14 போட்டால் 82%. இரண்டு தடவை நல்ல சீட்டு குறைந்திருந்தால் 70. அந்தப் பதினான்கில் யாராவது ரைஸ் செய்தது ஒன்றோ இரண்டோ. அதை நம்பி 1.85 டாலர் உள்ளே போய்விட்டது. ஃப்ளோட் கட்சிக்கும் இதே கதைதான் அம்மணி, டர்ன் எண் இன்னும் மோசமாக இருக்கும்.

கிளாவர்ராணி:
ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் மலிவாகத் தோற்க வேண்டும் என்கிறேன். தெரியாத ஆளிடம் 18 தோற்பதும் 1.85 தோற்பதும் ஒன்றா?

ரேக்கு_ரங்கன்:
நடுவில் ஒரு யோசனை. 18-ஐ 65 ஆக்காமல் 50 ஆக்கினால்? ரேக்கோடு சேர்த்து 42% விட்டால் போதும். 65-க்கு விடுகிற ராணி-8 50-க்கும் விடும். ராஜா-9 எதற்கும் விடாது.

தேம்ஸ்கரை:
50 நல்ல யோசனைதான், அடுத்த தடவை போடுகிறேன். ஆனால் ரைஸை விடமாட்டேன்.

ஏழாம்சீட்டு:
ரைஸ் கூட இருக்கட்டும். என் சண்டை டர்னோடு. ஜாக்கி-10-க்கு எந்த டர்ன் வந்தால் மறுபடி போடலாம் என்று எண்ணிப் பாருங்கள். இஸ்பேடில் மிச்சமுள்ள பத்துச் சீட்டு (ஃபிளஷ், அதாவது ஒரே ஜாதியில் ஐந்து, வர வழி). மற்ற ஜாதியில் ராணி, 9, 8, ஏஸ் தலா மூன்று. 9 வந்தால் ரிவரில் ராணியும் ஸ்ட்ரெயிட், 8-ம் ஸ்ட்ரெயிட், பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஆக 47 சீட்டில் 22. ஆர்ட்டின் 4 அந்த 22-இல் இல்லை.

தேம்ஸ்கரை:
எனக்கு உதவாதுதான். அவருக்கு மட்டும் அந்த 4 என்ன உதவி செய்தது?

ஏழாம்சீட்டு:
ஒன்றும் செய்யவில்லை. ஃபிளாப்பில் 65-க்கு நின்ற ராஜா-9 டர்னில் ஓட ஒரு காரணமும் வரவில்லை.