ஜெல்லி மீனுக்குக் கண் கிடையாதாம்! ஜப்பான் போய்வந்தவர் பதில் சொல்லட்டும்

மாட்டுங்கா மாமா:
நேற்று ‘பயணப்பறவை’ இங்கே போட்ட பதிவைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஜப்பானில் கோபே நகரத்து ஆடோவா, டோக்கியோவில் ஷினகாவா அக்வா பார்க் இரண்டையும் பார்த்தாராம். கடல் உயிர்களையும் டிஜிட்டல் கலையையும் கலந்து காட்டும் இடங்கள். சரி, பார்த்ததை எழுதியிருக்கலாம். அதற்கு ஏன் ‘மரைன் டிரைவ் தாராபோர்வாலா மீன் காட்சியகத்தில் நாம் பார்த்தது வெறும் கண்ணாடித் தொட்டி’ என்று ஒரு குத்து? 1951இலிருந்து மும்பைப் பிள்ளைகள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மீன் பார்த்த இடம் அது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அடுத்த வரியைப் பாருங்கள்: ‘ஜெல்லி மீனுக்குக் கண்ணே கிடையாது, எத்தனை கலர் விளக்கு போட்டாலும் அதற்கு ஒன்றும் தெரியாது.’ யார் சொன்னது?

பயணப்பறவை:
மாமா, முழுப் பதிவையும் படித்தீர்களா? ஆடோவா 2021இல் திறந்தது. ஒரு கூடத்தில் கண்ணாடித் தரைக்குக் கீழே நிஜமான கோய் மீன்கள் நீந்துகின்றன, நாம் மேலே நடக்கிறோம். இன்னொன்றில் உருண்டை வடிவத்தில் பெரிய தொட்டி. அதைச் சுற்றி லேசர், பனிமூட்டம், இசை. மீன் பார்க்கப் போய் நாடகம் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். இவ்வளவு எழுதியிருக்கிறேன், உங்களுக்கு அந்த ஒரு வரிதான் கிடைத்ததா?

மாட்டுங்கா மாமா:
அந்த ஒரு வரிதான் தப்பு. நிலா ஜெல்லி என்ற வகையின் குடை விளிம்பில் எட்டு உணர்வுறுப்புகள் இருக்கின்றன, அவற்றில் ஒளியை உணரும் புள்ளிகள் உண்டு. பெட்டி ஜெல்லி என்ற இன்னொரு வகைக்கு 24 கண்கள், சிலவற்றில் லென்ஸே இருக்கிறது. உமக்கும் எனக்கும் சேர்த்தாலும் நாலுதான் ஐயா.

தாராவித் தமிழன்:
மாமாவின் மூக்குக் கண்ணாடியையும் சேர்த்தால் ஆறு.

பயணப்பறவை:
ஒளியை உணரும் புள்ளி எல்லாம் கண் ஆகிவிடுமா? நான் பார்த்தது நிலா ஜெல்லி. பெட்டி ஜெல்லியை யார் இழுத்தது?

செம்பூர் அக்கா:
நான் உயிரியல் ஆசிரியை, அதனால் கேட்கிறேன். ஜெல்லியை விடுங்கள், மற்ற மீன்கள்? பெரும்பாலான மீன்களுக்கு இமை கிடையாது. கண்மணியும் நம்முடையதைப் போல் சுருங்காது. வீட்டில் மீன் வளர்ப்பவர்களே முதலில் அறை விளக்கைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் தொட்டி விளக்கைப் போடுவார்கள். இருட்டுக் கூடத்தில் நாள் முழுக்க விளக்கு மாறிக்கொண்டே இருந்தால் அதற்கு எப்படி இருக்கும்? பேச வேண்டியது இதுதானே.

மாட்டுங்கா மாமா:
அக்கா, நீங்கள் சொல்வது இருக்கட்டும். முதலில் ஜெல்லிக்குக் கண் உண்டு என்று அவர் சொல்லட்டும்.

பயணப்பறவை:
மீனுக்கு வலிக்கும் என்று அழுகிறவர்கள் டோக்கியோவில் டீம்லேப் பிளானட்ஸ் என்ற டிஜிட்டல் கலைக்கூடத்துக்குப் போகலாம், 2018இலிருந்து இருக்கிறது. வெறுங்காலோடு முழங்கால் அளவு தண்ணீரில் நடக்கலாம். கோய் மீன்கள் எல்லாம் ஒளியால் வரைந்தவை, நம் மேல் பட்டால் பூவாகச் சிதறும். எந்த உயிருக்கும் தொந்தரவு இல்லை.

தாராவித் தமிழன்:
முழங்கால் தண்ணீரில் நடக்க டிக்கெட்டா அண்ணே? ஜூலை மழையில் வெள்ளம் தேங்கும் நம்ம மும்பை ஹிந்த்மாதாவுக்கு வாருங்கள். இலவசம். செருப்புகூடத் தானாகவே கழன்று போய்விடும்.

அசல் மெட்ராஸ்காரன்:
தாராபோர்வாலா, தாராபோர்வாலா என்று மாமா உருகுகிறார். மெரினாவில் 1909இலேயே மீன் காட்சியகம் இருந்தது. உங்கள் மும்பைக்கு 42 வருஷம் முன்னால்! இப்போது ஈசிஆரில் விஜிபி மரைன் கிங்டம் வேறு, கண்ணாடிச் சுரங்கத்துக்குள்ளேயே நடக்கலாம். ஜப்பானும் வேண்டாம், மும்பையும் வேண்டாம்.

மாட்டுங்கா மாமா:
மெரினாக் காட்சியகம் உலகப் போர் நேரத்தில் மூடியது, இப்போது இல்லவே இல்லை. இல்லாததற்கு என்ன பெருமை? சுரங்கம் 2015இல் புதுப்பித்தபோதே தாராபோர்வாலாவிலும் வந்துவிட்டது, 12 அடி.

பயணப்பறவை:
தாராபோர்வாலா மட்டும் என்ன? கொரோனாவில் பூட்டிய பூட்டுதானே.

மாட்டுங்கா மாமா:
பூட்டியிருப்பது வேறு, கண் இல்லை என்பது வேறு. பேச்சை மாற்ற வேண்டாம்.

தாராவித் தமிழன்:
2018இல் ஜுஹுவில் ஜெல்லி மீன் கொட்டி எத்தனை பேர் துடித்தார்கள்! கண் தெரிந்து கொட்டியதா தெரியாமல் கொட்டியதா என்று யாராவது கேட்டார்களா?

மாட்டுங்கா மாமா:
அது ‘நீல பாட்டில்’ என்ற கடல் உயிர். ஜெல்லி மீனே கிடையாது, சைஃபனோஃபோர் என்ற வேறு வகை. பல உயிர்கள் சேர்ந்த ஒரு கூட்டம் அது.

தாராவித் தமிழன்:
கால் வீங்கியவனிடம் போய் இதைச் சொல்லுங்கள்.

செம்பூர் அக்கா:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. 2016இல் சியோலிலிருந்து நம் ராணி பாக் உயிரியல் பூங்காவுக்கு எட்டு பென்குயின் கொண்டுவந்தார்கள், சில மாதத்துக்குள் ஒன்று செத்துப்போனது. அப்போதும் இங்கே டிக்கெட்டைப் பற்றியும் கூட்டத்தைப் பற்றியும்தான் பேசினோம்.

பயணப்பறவை:
அக்கா, ஆடோவாவிலும் பென்குயின் இருக்கிறது. பெரிய எலி மாதிரி இருக்கும் கேப்பிபாராகூட உண்டு. நன்றாகத்தான் இருக்கின்றன.

செம்பூர் அக்கா:
நன்றாக இருக்கிறேன் என்று உங்களிடம் சொன்னதா?

மாட்டுங்கா மாமா:
குறுக்கே பேசாதீர்கள், ஆதாரத்தோடு வந்திருக்கிறேன். 2023இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெட்டி ஜெல்லிகளை ஒரு வட்டத் தொட்டியில் விட்டார்கள். சுவரில் சாம்பலும் வெள்ளையுமாகக் கோடுகள், அலையாத்தி வேர்கள் போலத் தெரியட்டும் என்று. முதலில் போய்ப் போய் முட்டின. ஏழரை நிமிடத்தில் முட்டுவது பாதியாகக் குறைந்துவிட்டது. மூளையே இல்லாத பிராணி, கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டது! தொட்டிச் சுவரில் நாம் காட்டும் படம் அதற்குத் தெரிகிறது என்றுதானே அர்த்தம்? அது ஏழரை நிமிடத்தில் கற்றதை நேற்றிலிருந்து சொல்லியும் ஒருவருக்குப் புரியவில்லை.

பயணப்பறவை:
மறுபடியும் பெட்டி ஜெல்லி. நான் சொன்னது நிலா ஜெல்லி. நிலா. ஜெல்லி.

அசல் மெட்ராஸ்காரன்:
1909க்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

தாராவித் தமிழன்:
மீனும் கலையும் கலந்தது நமக்குப் புதிதா? 2017இல் நம் சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்தில் கலைக் கண்காட்சி நடந்ததே. வெளியே கோலி மீனவ அக்காக்கள் மீன் விற்க, உள்ளே ஓவியம் பார்த்தோம். சட்டையைத் துவைத்தும் வாடை போகவில்லை. இதைவிட மூழ்கிப் பார்க்க என்ன இருக்கிறது?

பயணப்பறவை:
ஜப்பான் போக முடியாதவர்களுக்கு அதுவே போதும்.

மாட்டுங்கா மாமா:
பார்த்தீர்களா, வந்துவிட்டது திமிர். கண் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை, பாஸ்போர்ட்டை மட்டும் காட்டுகிறார்.

பயணப்பறவை:
பத்து நிமிடப் பேச்சு என்று மேடையேறி, போன பொங்கல் விழாவில் பிள்ளைகளின் நடனத்தையே நிறுத்தவைத்தவர் திமிரைப் பற்றிப் பேசுகிறார்.

மாட்டுங்கா மாமா:
அன்றைக்கு மைக்கை அணைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

தாராவித் தமிழன்:
மாமா, சத்தியமாக அது கரண்ட் போனது.

மாட்டுங்கா மாமா:
கரண்ட் போனால் மின்விசிறி எப்படிச் சுற்றியது?