மறு: ஹெட்ரூமுக்குத் தமிழ் (திங்கட்கிழமைக்குள்!)

நண்பர்களே, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு எல்இடி டிரைவர் (எல்இடிகளுக்கு மின்சாரத்தை அளவாகக் கொடுக்கும் சுற்று) பற்றிய பாடத்தைத் தமிழில் எழுதுகிறேன். திங்களன்று அச்சுக்குப் போக வேண்டும். எல்இடிகள் எடுத்ததுபோக மிஞ்சும் வோல்ட்டைக் குறிக்கும் ஹெட்ரூம் என்ற ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

தொடராக 10 வெள்ளை எல்இடி; ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட், ஆக 30. கீழே, மின்னோட்டத்தை 100 மில்லிஆம்பியரில் பிடித்து நிறுத்தும் டிரான்சிஸ்டர். அதற்கு அரை வோல்ட்டாவது கிடைத்தால்தான் பிடி நிற்கும். இல்லையென்றால் வெளிச்சம் மங்கும். 33 வோல்ட் கொடுத்தாலோ, மிஞ்சும் 3 வோல்ட்டும் அதன் தலையில் விழுந்து 0.3 வாட் வெறும் சூடாகப் போகும். அதனால் சில டிரைவர்கள் அந்த மிச்சத்தை அளந்துபார்த்து, கொடுக்கும் வோல்ட்டை ஏற்றி இறக்குகின்றன. பல வரிசைகள் இருந்தால் எதில் மிச்சம் குறைவோ அதுதான் கணக்கு.

'தலையிடம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

---

மின்வாசி. திருவீழிமிழலையில் சம்பந்தர் 'வாசி தீரவே காசு' கேட்டாரே, காசின் மதிப்பில் விழும் அந்த வித்தியாசம்தான் வாசி. விலைவாசியில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

---

ஐயா, பதிகம் இனிக்கிறது. ஆனால் பலகையில் 'வாசி' என்று எழுதினால் என் பையன்கள் புத்தகத்தைத் திறந்து உரக்க வாசிப்பார்கள். பேசாமல் 'மிச்ச வோல்ட்' என்று போடுங்கள்.

---

மிச்சம் சந்தைப் பேச்சு. எஞ்சு + அழுத்தம் = எஞ்சழுத்தம். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். குற்றியலுகரமும் ஒழுங்காகக் கெடுகிறது.

---

அழுத்தம் எதற்கு? இலங்கைப் பாடநூல்களில் நாங்கள் வோல்ற்றளவு என்றுதான் படித்தோம்.

---

அந்தச் சண்டை இன்னொரு இழையில் நடக்கட்டும். எனக்கு வேறு சந்தேகம். டிரான்சிஸ்டர் கேட்கும் அரை வோல்ட் ஒன்று. அதற்கு உண்மையில் வந்து சேர்வது வேறொன்று. குளிரில் எல்இடிகள் கூடுதலாக எடுத்துக்கொண்டால் இரண்டாவது குறையும், முதலாவது அப்படியே இருக்கும். ஆங்கிலத்தில் இரண்டையும் ஹெட்ரூம் என்றே எழுதிக் குழப்புகிறார்கள். நாமுமா?

---

சரி, இப்படிப் போடுகிறேன்: வந்து சேர்வது எஞ்சழுத்தம், கேட்பது குறைந்தபட்ச எஞ்சழுத்தம். நாலு பேர் தனிமடலில் ஒப்புக்கொண்டார்கள். அடைப்புக்குறிக்குள் ஹெட்ரூமும் இருக்கும், திட்டாதீர்கள்.

---

எஞ்சுவது எஞ்சட்டும். அதற்குக் குறைந்தபட்சம் எப்படி ஐயா வகுப்பீர்கள்? வாசிக்கு வகுக்கலாம்.