ரேயான் திரியை எவ்வளவு இறுக்குவது?

வணக்கம் மக்களே. லண்டனில் இருக்கிறேன், சிகரெட்டை விட்டு வேப்புக்கு (மின் சிகரெட்) வந்து ஒரு வருஷம். (இந்தியாவில் 2019-லேயே தடை, ஊருக்குப் போகும்போது இதைப் பெட்டியில் வைப்பதே இல்லை.) அதில் திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயிலை நானே சுற்றுகிறேன்: 26 கேஜ் காந்தல் (Kanthal, ஓர் இரும்புக் கலவை) கம்பி, 3 மி.மீ. உள்விட்டம். காயிலுக்குள் செருகும், திரவத்தை உறிஞ்சித் தரும் திரிக்கு இதுவரை பஞ்சுதான். இப்போது சலூன்களில் பெர்ம் பண்ணும்போது நெற்றியோரம் சுற்றுவார்களே, அந்த ரேயான் கயிறு ஒரு பெட்டி வாங்கியிருக்கிறேன்.

பஞ்சு நனைந்தால் உப்பும், அதனால் தளர்வாக விடுவேன். ரேயான் அவ்வளவு உப்பாது, இறுக்கித் திணி என்கிறார்கள். முதல் தடவை பழக்கதோஷத்தில் பஞ்சு மாதிரியே விட்டேன். திரவம் ஒழுகி மேசையெல்லாம் பிசுபிசுப்பு. மறுதடவை காயிலே கோணிப்போகும் அளவுக்கு இழுத்துச் செருகினேன். நாலாவது இழுப்பில் கருகல் நாற்றம், ஒரே இருமல்.

சரியான இறுக்கம் கைக்கு எப்படித் தெரியும்? இரண்டு வால்களையும் சீப்பால் வாரி மெலிதாக்க வேண்டுமா? நான் போடுவது 70 சதவீதம் விஜி (வெஜிடபிள் கிளிசரின்), கெட்டியான திரவம். கொதிக்க வைத்துக் காயப்போடச் சொல்கிறார் ஒரு நண்பர். ரேயான் ஈரத்தில் வலுவிழக்குமே, பிரிந்துவிடாதா?

உங்கள் திரியைப் படமெடுத்துப் போட்டால் புண்ணியமாகப் போகும்.