வெற்றுச்சொல்: பொருளில்லாச் சோதனைச் சொல்லுக்கு ஒரு பெயர்

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளின் மொழிக் குறைபாட்டை அறிய, எந்த அகராதியிலும் இல்லாத ஒரு சொல்லை ஒரே ஒருமுறை ஒலிக்கவிட்டு அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். அந்த 'நான்வேர்டு'க்குப் பொய்ச்சொல், போலிச்சொல் என்று இரண்டு பெயர்கள் முன்மொழியப்பட்டுள்ளன. இரண்டுமே வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளையிடம் ஆசிரியை "பொய்ச்சொல் சொல்லு" என்று கேட்கலாமா? போலி என்பதோ இலக்கணத்தில் ஏற்கெனவே குடியிருக்கிறது. பந்தல் பந்தர் ஆனால் கடைப்போலி.

என் முன்மொழிவு வெற்றுச்சொல். உறுப்பே இல்லாதது வெற்றுக்கணம் என்று பள்ளியில் படித்தவர்களுக்கு, பொருளே இல்லாதது வெற்றுச்சொல் என்பது உடனே பிடிபடும். சோதனையின் பெயர் 'வெற்றுச்சொல் திருப்பிச்சொல்லல்'.

இராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிகளுக்கு இந்தச் சோதனை மிகவும் தேவை. படம் காட்டிப் பெயர் கேட்டால், கதைப்புத்தகம் நுழையாத வீட்டுப் பிள்ளை பின்தங்கும். அது குறைபாடல்ல, கேள்விப்படாததுதான். வெற்றுச்சொல்லை யாருமே கேட்டதில்லை என்பதால் பாம்பன் பிள்ளையும் பரமக்குடிப் பிள்ளையும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நிற்பார்கள். காதில் விழுந்த ஒலிவரிசையைச் சில நொடி மனத்தில் பிடித்துவைக்கும் திறனே இங்கே அளக்கப்படுகிறது. 1996இல் உளவியலாளர் டோரத்தி பிஷப் குழுவினர் இரட்டைப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், முன்பு மொழிக் குறைபாடு இருந்து பின்னர் தேறிவிட்டதாகத் தோன்றியவர்களும் இதில் தடுமாறினார்கள்.

நீளத்தை யாப்பிலக்கண அசையால் அளக்காதீர்கள். 'தபினு' யாப்பில் நிரை, நேர் என இரண்டே அசை. வாயில் மூன்று உயிரொலி. உயிரொலியை எண்ணுங்கள். கேதர்கோல், பேட்லி என்ற உளவியலாளர்கள் வகுத்த ஆங்கில வெற்றுச்சொல் சோதனையில் இரண்டு முதல் ஐந்து உயிரொலிவரை உள்ள 40 சொற்கள். தமிழில் தொடங்கும்போது மொழிமுதல் எழுத்து (சொல்லின் தொடக்கத்தில் எது வரலாம்), மெய்ம்மயக்க (எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரலாம்) விதிகளை மீறாதீர்கள். 'ணபிதே' என்று கொடுத்தால் பிள்ளையின் நினைவை அல்ல, நாக்கைத்தான் சோதிக்கிறீர்கள்.

*

ஐயா, வணக்கம்.

வெற்றுச்சொல் எனக்கும் சம்மதம். ஆனால் ஒரு சொல் வெற்றா இல்லையா என்பதை அகராதி முடிவுசெய்யக் கூடாது, கடற்கரை முடிவுசெய்யட்டும். உள்நாட்டில் உட்கார்ந்து பட்டியல் போடுபவருக்குக் 'காரல்', 'சூடை', 'வத்தை' எல்லாம் வெறும் ஒலியாகத் தோன்றலாம். இங்கே முதலிரண்டும் மீன், மூன்றாவது படகு. 'மிவலைகு' போன்றதும் கூடாது. நடுவில் வலை இருப்பதால் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடும். உள்ளூர் ஆள் ஒருவர் பட்டியலை வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகே பதிவு செய்ய வேண்டும்.

ஒலிப்பிலும் கவனம் வேண்டும். தென்மாவட்டப் பேச்சில் வாழைப்பழம் 'வாளப்பளம்' ஆகும். அதனால் ழகரம் உள்ள வெற்றுச்சொல்லை விட்டுவிடலாம். வைத்தே ஆகவேண்டும் என்றால் ளகரம் சொன்னாலும் முழு மதிப்பெண். 'ற்ற'வும் வேண்டாம். உள்ளூர்ப் பிள்ளைக்குக் காற்று 'காத்து'. மண்டபம் அகதிகள் முகாமில் ஈழத்தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை அதே எழுத்தை வேறாக ஒலிக்கும். இரண்டும் பிழையல்ல.

மதிப்பெண்ணை ஒலிக்கு ஒன்றாகப் போடுங்கள். 'தபினு'வில் ஆறு ஒலிகள். 'தமினு' என்றால் ஐந்து, 'தபி' என்றால் நான்கு. சரி, தவறு என்று மட்டும் குறித்தால் இந்த இரண்டு பிள்ளைகளும் ஒன்றாகிவிடுவார்கள், எங்கே சறுக்கியது என்பதும் தெரியாமல் போகும். பிள்ளை சொல்வதைப் பதிவுசெய்து, இருவர் தனித்தனியாகக் கேட்டு மதிப்பெண் போடுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் முன் செவித்திறனைப் பாருங்கள். காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தால் அது மொழியைப் பற்றி எதுவும் சொல்லாது. கடல்காற்று இரையும் வகுப்பறையில் ஹெட்போன் இல்லாமல் தொடங்கவே கூடாது. இந்த ஒரு மதிப்பெண்ணை மட்டும் வைத்து எந்தப் பிள்ளைக்கும் குறைபாடு என்று எழுதிவிடாதீர்கள்.